முப்பத்திரண்டு பற்களும் கேப்டன் ஸ்டார்லிங்கும்

ஆம்ப்ரோஸ் டோலிவர் தம் எழுபத்தொன்பது வயதுக்குள் ஒரே ஒரு பொய்தான் சொன்னார். அதையும் தட்டச்சில் அடித்து, தேதி போட்டு, அகர வரிசைப்படி பெட்டிக்குள் வைத்தார். ஆவணக் காப்பாளர் என்றால் பொய்யிலும் ஓர் ஒழுங்கு வேண்டுமல்லவா.

ஜார்ஜியாவின் தென்கோடியில் டில்மோர் மாவட்ட நீதிமன்றத்தின் நிலவறையில் முப்பத்தாறு வருஷம் அவர்தான் பழைய தாள்களுக்குக் காவல். சம்பளத்துக்காகக் காத்தது வெள்ளைக்காரர்களின் நிலப் பத்திரங்களை. மாலை ஐந்து மணிக்குமேல் தமக்காகத் தேடியது கறுப்பர்களை. அடிமைக் காலத்துச் சொத்துப் பட்டியலில் ஒரு கோவேறு கழுதைக்கும் ஒரு கலப்பைக்கும் நடுவே வெறும் பெயர் ஒன்று கிடைக்கும். அதைப் பிடித்துக்கொண்டு சபைப் பதிவேடு, வரி ரசீது, வைத்தியர் நாட்குறிப்பு என்று போய், அந்த ஆளின் அம்மா யார், அப்பா யார், எங்கே படுத்திருக்கிறார் என்பதுவரை கண்டுபிடித்துவிடுவார். தம் பூட்டி டெல்ஃபியைக் கண்டுபிடிக்க மட்டும் பதினோரு வருஷம் ஆயிற்று. எல்லாமாக நூற்று அறுபத்தெட்டுப் பெட்டிகள். பெட்டிகளுக்கு இடம் போதாமல் அவர் மனைவி கட்டிலை விற்றுவிட்டாள் என்று ஊரில் பேச்சு. அபாண்டம். தங்கைக்குச் சும்மாதான் கொடுத்தாள்.

ஊரில் யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: தாள் எங்கே? லிட்டில் ஹெர்மோன் பாப்டிஸ்ட் சபையில் சாவு விழுந்தால், இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு அச்சுக்குப் போகுமுன் அவர் கைக்கு வந்தாக வேண்டும். ‘ஐம்பது வருஷம் பாடகர் குழுவில் பாடினார்’ என்றிருந்தால் நாற்பத்தேழு என்று திருத்துவார். பாடிய லட்சணத்தைப் பற்றித் தாள் கிடையாது என்பதால் அதை விட்டுவிடுவார்.

பொய்க்குக் காரணம் டாக்டர் பிரெஸ்காட் ஏம்ஸ். வெள்ளைக்காரப் பல் வைத்தியர். பல் பிடுங்காத நாட்களில் மாவட்ட வரலாறு எழுதுவார். நிலவறைக்கு வந்து ஆம்ப்ரோஸின் அட்டைகளைப் புரட்டிவிட்டு, “நல்ல வேலைப்பா” என்று தோளில் தட்டிவிட்டுப் போவார். அடுத்த மாதம் அந்த விஷயம் செய்தித்தாளில் டாக்டர் பெயரில் வரும். மூன்று தடவை பொறுத்துப் பார்த்த ஆம்ப்ரோஸ் 1977இல் இல்லாத ஓர் ஆளுக்கு அட்டை அடித்து ஒரு பொறி வைத்தார்.

கேப்டன் ஒபதியா ஸ்டார்லிங். உள்நாட்டுப் போரில் கறுப்பர் படைக்குத் தலைவர். ஒரே தெப்பத்தில் பத்தொன்பது கோவேறு கழுதைகளை எதிரிக்குத் தெரியாமல் அக்கரை சேர்த்தவர், ஒன்றுகூடக் கத்தவில்லை. நூற்று நான்காம் வயதில், முப்பத்திரண்டு பற்களும் ஆடாமல் இறந்து லிட்டில் ஹெர்மோன் இடுகாட்டில் அடக்கமானார். இரண்டு கோப்பு படித்தவன்கூடச் சிரித்திருப்பான். அந்த மாவட்டத்தில் அந்தக் காலத்தில் எந்தக் கறுப்பரையும் கேப்டன் ஆக்கியதில்லை. கத்தாத கோவேறு கழுதை இன்னும் பிறக்கவில்லை. பற்களை மட்டும் அவர் டாக்டருக்கென்றே தனியாக வைத்தார், பொறியில் தீனி வைப்பது போல.

டாக்டரின் புத்தகம் கெட்டி அட்டையில் வந்தது. ஸ்டார்லிங்குக்கு ஓர் அத்தியாயம். அதில் பாதி, பற்கள். ஆம்ப்ரோஸின் பெயரைச் சொல்ல மனம் வராமல், ‘என் தாத்தா நேரில் கண்டு சொன்னது’ என்று அடிக்குறிப்பு போட்டிருந்தார். ஆம்ப்ரோஸ் ஒரு தடவை சாவகாசமாகச் சிரித்துவிட்டு, குட்டை உடைக்க நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக நல்ல நாள் அமையவில்லை. அதற்குள் ஒரு தெருவுக்கு ஸ்டார்லிங் பெயர் வைத்துவிட்டார்கள்.

பிறகு சாலை வந்தது. புறவழிச்சாலை லிட்டில் ஹெர்மோன் இடுகாட்டுக்கு மேலாகப் போகுமாம். அங்கே நாற்பத்து மூன்று பேர். கல்லறைக் கல் கிடையாது, உறவினர் குழிமேல் வைத்த உடைந்த தட்டு, கிளிஞ்சல், நின்றுபோன கடிகாரம், இவைதான் அடையாளம். அளக்க வந்தவர்கள் ‘குப்பைமேடு’ என்று குறித்துக்கொண்டு போனார்கள். ஆம்ப்ரோஸ் நாற்பத்து மூன்று பேருக்கும் தாள் சேர்த்து அனுப்பினார். ‘எலும்புகள் மரியாதையுடன் இடம் மாற்றப்படும்’ என்று பதில் வந்தது. அடுத்த மாதம் இன்னொரு கடிதம்: வரலாற்று நாயகர் கேப்டன் ஸ்டார்லிங் அங்கே இருப்பதாக ஒரு புத்தகத்தில் பார்த்தோம், விசாரணையில் உறுதியானால் சாலை மேற்கே நகரும், சாட்சி சொல்ல ஆம்ப்ரோஸ் டோலிவர் வரவும்.

ஆம்ப்ரோஸ் சனிக்கிழமை சபைச் சமையலறைக்குப் போனார். சிஸ்டர் வெர்னெல் ஹாக்கெட் கெளுத்தி மீனைச் சோளமாவில் புரட்டிக்கொண்டிருந்தாள். பொரித்ததைக் குறைத்துக்கொண்டிருந்தார் சபை மூப்பர் டீக்கன் ரோஸ்கோ மிம்ஸ்.

“சிஸ்டர், ஸ்டார்லிங்னு ஒருத்தர் கிடையவே கிடையாது. நான் உண்டாக்கினது.”

“உண்டாக்கினீங்களா? நீங்க என்ன கடவுளா?”

“டைப் அடிச்சேன்.”

“தாள் எங்கே?”

“எதுக்குத் தாள்?”

“நீங்கதான் உண்டாக்கினீங்கங்கறதுக்கு.”

“அதுக்கெல்லாம் யாராவது தாள் வச்சிருப்பாங்களா?”

டீக்கன் விரலை நக்கிக்கொண்டார். “எங்கம்மா வயசு ரெண்டு வருஷம் இடிக்குதுன்னு, சவப்பெட்டி பக்கத்துல நின்னுகிட்டு என்கிட்ட தாள் கேட்டீங்க பிரதர். அழுதுகிட்டே வீட்டுக்கு ஓடினேன். இப்ப நீங்க ஓடுங்க. அதோட, கேப்டன் எங்க பாட்டி வழியில சொந்தம்.”

“எந்தப் பாட்டி?”

“அது இன்னும் முடிவாகல.”

வெர்னெல் மாவுக் கையைத் துடைத்தாள். “பிரதர், என் கொள்ளுப்பாட்டி அங்க படுத்திருக்கா. நீங்க வாயைத் திறந்தா திங்கட்கிழமை மண்வெட்டியோட வந்துடுவாங்க. நாற்பத்து மூணு பேரையும் லாரியில ஏத்துவாங்க. பேசாம வந்து தலையை ஆட்டிட்டுப் போங்க.”

“பைபிள்ல கை வைக்கச் சொல்வாங்களே.”

“பைபிள் அவங்களதா, நம்மளதா?”

“சிஸ்டர்.”

“சும்மா கேட்டேன்.”

“நான் ஒண்ணுக்குப் பொய்ச் சத்தியம் பண்ணி அது வெளிய வந்தா, மீதி நாற்பத்து மூணும் பொய்னு ஆயிடும். உங்க கொள்ளுப்பாட்டி உள்பட.”

வெர்னெல் அவர் தட்டில் ஒரு மீன் துண்டை வைத்தாள். வால் பக்கம்.

விசாரணை வெள்ளிக்கிழமை காலை, பள்ளி விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. சபையார் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பிகளோடு வந்து அட்டை விசிறிகளை வீசிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் டாக்டர் ஏம்ஸ், எண்பத்தெட்டு வயது. பக்கத்தில் மகன் விட். சாலை மேற்கே நகர்ந்தால் விட்டின் பீக்கன் கொட்டைத் தோப்பு இருபத்திரண்டு ஏக்கர் போகும். அட்லாண்டாவிலிருந்து வந்த அதிகாரி கீட்டிங் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“நேரா கேப்டன் விஷயத்துக்கு வந்துடலாமா, ஐயா?”

“அகர வரிசைப்படிதான் வருவேன்” என்றார் ஆம்ப்ரோஸ். “ஸ்டார்லிங் எஸ் எழுத்து, கடைசிப் பக்கத்துக்கிட்ட.”

“ஆல்ஸ்டன், பிரைனா. 1871. சபைப் பதிவேடு, மூன்றாம் பக்கம்” என்று ஆரம்பித்தார்.

“எங்காளு” என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஒருத்தி எழுந்து நின்றாள். உட்காரவில்லை.

அடுத்த பெயர், அடுத்த தாள். “எங்காளு.” இரண்டு மணி நேரம் இப்படியே போயிற்று. அதிகாரி கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். கூடத்தில் பாதிப்பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எஸ் எழுத்தில் “சிம்ஸ், கேட்டோ. 1880” என்றவர் அடுத்து டி எழுத்துக்குப் போய், “டோலிவர், டெல்ஃபி. 1869” என்றார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். பிறகுதான் பேச வேண்டியது தாம் என்பது அவருக்கு உறைத்தது.

“எங்காளு” என்றார். அவர் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார்.

“ஸ்டார்லிங்கைத் தாண்டிட்டீங்களே” என்றார் கீட்டிங்.

“ஸ்டார்லிங் அங்க இல்லை. எங்கேயும் இல்லை. நான் டைப் அடிச்சது. என் அட்டைகளை ஒருத்தர் திருடிட்டு இருந்தார், அவரைப் பிடிக்க வச்சேன்.”

விசிறிகள் நின்றன. டீக்கன் மிம்ஸ் முகத்தை மூடிக்கொண்டார். விட் எழுந்து, “கேட்டுக்கிட்டீங்களா, சார்? எழுதிக்குங்க” என்றான்.

கீட்டிங் புத்தகத்தைப் பிரித்தார். “டாக்டர், உங்க தாத்தா நேர்ல பார்த்ததா இங்க போட்டிருக்கு. இவர் சொல்றது சரின்னா, நீங்க இதை இவர்கிட்டேருந்து எடுத்திருக்கணும்.”

“ஆமான்னு சொல்லிடுங்கப்பா” என்றான் விட், கூடம் முழுக்கக் கேட்கும் ரகசியக் குரலில். “தோப்பு போயிடும்.”

டாக்டர் எழுந்து நின்றார். மகனைப் பார்த்தார். ஆம்ப்ரோஸைப் பார்த்தார். புத்தகத்தின் கெட்டி அட்டையில் பொன்னெழுத்தில் இருந்த தம் பெயரையும் பார்த்தார்.

“என் தாத்தா பொய் சொல்ற மனுஷர் இல்லை” என்றார். “பல்லை விரல் விட்டு எண்ணியே பார்த்தவர். ஆம்ப்ரோஸுக்கு வயசாயிடுச்சு, பாவம்.”

கீட்டிங் எழுதிக்கொண்டார். “நேர்ல பார்த்த சாட்சி இருக்கு. அச்சிலயும் இருக்கு. மறுக்கறதுக்கு உங்ககிட்ட தாள் ஏதாவது இருக்கா, ஐயா?”

நூற்று அறுபத்தெட்டுப் பெட்டிகளின் சொந்தக்காரர் சற்று யோசித்தார்.

“இல்லை” என்றார்.

“ஆமென்” என்றாள் சிஸ்டர் வெர்னெல், அடக்கமாக.

வெளியே வந்ததும் டாக்டர் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். விட் உள்ளே உட்கார்ந்து நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீ சும்மா இருந்திருக்கலாம், ஆம்ப்ரோஸ்.”

“நீங்க உண்மையைச் சொல்லியிருக்கலாம், டாக்டர்.”

“இருபத்திரண்டு ஏக்கர்.”

“தெரியும். பத்திரத்தை நான்தானே பார்த்துக்கிட்டிருந்தேன்.”

சாலை மேற்கே நகர்ந்தது. ஆம்ப்ரோஸ் திருத்தக் கடிதம் ஒன்றை மூன்று பிரதிகள் அடித்துச் சாலைத்துறைக்கு அனுப்பினார். பதிலுக்கு அவர்கள், கேப்டன் ஸ்டார்லிங் மீது அவர் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி தெரிவித்து, இடுகாட்டில் வைக்கப்போகும் பலகையின் மாதிரியை அனுப்பியிருந்தார்கள். அதில் கேப்டன் மட்டும் இருந்தார். ஆம்ப்ரோஸ் நாற்பத்து மூன்று பெயர்களையும் ஆதாரங்களோடு மறுபடி அனுப்பினார். அதற்கு மறுப்பே வரவில்லை. எல்லாவற்றுக்கும் தாள் இருந்ததே.

பலகை இப்போது நிற்கிறது. உச்சியில் கொட்டை எழுத்தில் கேப்டன், கீழே பொடி எழுத்தில் நாற்பத்து மூன்று பேர், அகர வரிசையில். சபை ஆண்டுவிழா ஞாயிறன்று, வடக்கே பிழைக்கப் போன சனம் டெட்ராய்ட்டிலிருந்தும் சிகாகோவிலிருந்தும் வந்து இறங்கும்போது ஆம்ப்ரோஸ் பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறார், கேட்பவர்களிடம் மேல் வரி பொய் என்று சொல்வதற்காக. இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. வருகிறவர்கள் எல்லாம் நேரே குனிந்து, தங்கள் ஆளைத் தேடி விரலை ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.