நான்காம் ஆணியின் உரிமை

1974, சூலை 9. கும்மிடிப்பூண்டி ஆதிநாராயணன் பட்டறையில் வார்க்கப்படும் பம்புக் குழாயின் வளைவுத் துண்டில் 'ரோ' என்னும் எழுத்து பொறிக்கப்பட்டுள்ளது. அங்கே இருந்திருக்க வேண்டியது 'தே'. முப்பத்தோராண்டு கணக்காசிரியனாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற தேசப்பனாகிய என் முதலெழுத்து அது.

தண்ணீர் தடையின்றித் திரும்புவதற்கேற்ற வளைவை வரைந்து தருமாறு சென்ற தை மாதம் ஆதிநாராயணன் என்னைக் கேட்டார். மூன்று வாரம் கணக்கிட்டு, குற்றமற்ற கால்வட்டம் ஒன்றை வரைந்து கொடுத்தேன். பட்டறையின் பிட்டரான யேசுதாஸ் பலகையில் ஆறு ஆணிகளை அவ்வாறே அடித்து, ரப்பர் குழாயை அவற்றோடு வளைத்துப் பொருத்தினான். மோட்டாரை ஓட்டியபோது குழாயின் மறுமுனையில் வைத்த பீப்பாய் நிரம்ப அறுபத்திரண்டு நொடி ஆயிற்று.

அவன் அத்துடன் நிற்கவில்லை. உயிரினங்கள் தற்செயலாக மாறி, தேறியவை மட்டும் நிலைப்பதைப்போலவே பொருள்களையும் உருவாக்கலாமென்று ஜெர்மானியர் சிலர் முயல்வதை ஏதோ சஞ்சிகையில் படித்திருந்தான். வார்ப்படம் துடைக்கும் ரோசம்மாளிடம் சோழிகளைக் கொடுத்தான். எந்த ஆணி, உள்ளேயா வெளியேயா என்பதைச் சோழி சொல்லும். பீப்பாய் முன்னிலும் விரைவாக நிரம்பினால் மாற்றம் தங்கும். இல்லையேல் ஆணி பழைய இடத்துக்கே திரும்பும்.

பத்தே நாளில் ஐம்பத்தொன்பது நொடி.

"இன்னா வாத்யாரே, உங்க கணக்க என் சோழி முந்திக்கினு போவுதே!" என்றாள் ரோசம்மாள்.

"சும்மா இரும்மே, சாரு பேஜாராவறாரு," என்று சிரித்தான் யேசுதாஸ்.

ஆதிநாராயணன் அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார். எனக்கு அங்கே என்றும் முக்காலிதான்.

அன்று சோழி நான்காம் ஆணியை வெளியே தள்ளச் சொல்லிற்று. யேசுதாஸ் நூலளவு தள்ளி அடித்ததும் சாப்பாட்டு மணி ஒலித்தது. எல்லோரும் சென்றபின் அவ்வாணியைப் பிடுங்கி, இரண்டு விரற்கடை அப்பால் அடித்தேன். குழாய் கூன்போலப் புடைத்தது. அவர்கள் ஆட்டம் கெடட்டும் என்றே செய்தேன்.

திரும்பி வந்த யேசுதாஸ் திகைத்தான். "இம்மாந்தூரமா தள்ளிக்கீறேன்?"

"தள்னது தள்ட்ட. மோட்டார போடு," என்றாள் ரோசம்மாள்.

ஐம்பத்தைந்து நொடி! பட்டறையே கைதட்டியது. அந்தக் கூன்தான் இன்று இரும்பாகி, அவள் எழுத்தைச் சுமந்து ஊரூராகச் செல்கிறது.

சோழி சொன்னது நூலளவு. இரண்டு விரற்கடை என் கையுடையது. கெடுக்க நினைத்தவனுக்கு உரிமையில்லை என்பீர்களோ? சோழிக்கு மட்டும் என்ன நல்லெண்ணம் இருந்தது?

நானே சொன்னால் வயிற்றெரிச்சல் என்பார் ஆதிநாராயணன். ஆதலின் வாசகரே, 'அந்தக் கூன் தேசப்பனுடையது' என்று அவருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள், இன்றே எழுதுங்கள்.