பதினெட்டு அங்குல நாற்காலி

"இங்க ஒரு கையெழுத்து, அங்க ஒரு கையெழுத்து. அவ்வளவுதாம்மா. மூணு மணிக்குள்ள உங்க மாமியாரை மேல் மாடிக்கு மாத்திடுவோம்."

மேனேஜர் பேனாவின் மூடியைக் கழற்றியே நீட்டினார். தையல்காரி பேனாவைத் தொடவில்லை. காகிதத்தை மட்டும் இழுத்துக்கொண்டாள்.

வயதானவர்களுக்கு உடற்பயிற்சி சிகிச்சை தரும் இல்லம் அது. இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்த மாமியாரை ஆறு வாரத்துக்கு முன்னால் அவள்தான் இங்கே கொண்டுவந்து சேர்த்தாள். கீழ்த்தளத்தில் பயிற்சிக் கூடம். கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவார்கள். எண்களைச் சொல்லியபடி கோட்டின் மேல் நடப்பார்கள். பந்து கைக்கு வரும்போதெல்லாம் ஒரு காய்கறியின் பெயரைச் சொல்ல வேண்டும். காலும் மூளையும் ஒன்றாக வேலை செய்யப் பழக வேண்டுமாம்.

மேல் மாடிக்கு 'ஓய்வுப் பகுதி' என்று பெயர். அங்கே பயிற்சி கிடையாது. கட்டில், ஜன்னல், கூப்பிட ஒரு மணி. மேலே போன ஒருவர்கூடக் கீழே திரும்பி வந்து அவள் பார்த்ததில்லை.

வரும் வழியில் கணவனிடம் போனில் கேட்டிருந்தாள். "போட்டுட்டு வா. அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகுது?" என்று வைத்துவிட்டான். பெற்ற பிள்ளை.

காகிதத்தைப் படித்தாள். எழுந்திருத்தல்: பூஜ்யம். நடை: பூஜ்யம். திரும்புதல்: பூஜ்யம். நடந்தபடி எண்ணுதல்: பூஜ்யம். அடியில் ஒரு வரி. 'நினைவாற்றல் மிகக் குறைவு. பயிற்சியால் இனிப் பலனில்லை.'

"நினைவாற்றல் குறைவா? யாருக்கு? இருபத்தொம்பது வருஷம் பஸ்ல கண்டக்டரா இருந்தவங்க சார். என் கல்யாணத்தன்னிக்கு நான் எத்தனை நிமிஷம் லேட்டா வந்தேன்னு இன்னிக்கும் சொல்லிக் காட்டுறாங்க. இருபத்தி மூணு நிமிஷம்!"

மேனேஜர் பரிதாபமாகச் சிரித்தார். "குடும்பத்துல உள்ளவங்களுக்கு ஏத்துக்கக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா ரெண்டு தடவை டெஸ்ட் வெச்சாச்சு. உட்கார்ந்த இடத்துலேருந்து எழுந்திருக்கவே முடியல."

"சரி, எழுந்திருக்க முடியல. எண்ணச் சொன்னீங்களா?"

"நடந்தாத்தானேம்மா நடந்துக்கிட்டே எண்ண முடியும்? எழுந்திருக்கல, அதனால மத்த எல்லாத்துக்கும் சைபர். அதுதான் முறை."

"கேக்காத கேள்விக்கு பதில் தெரியலன்னு சைபர். அந்த சைபரைப் பாத்து மூளை போச்சுன்னு ஒரு வரி. நல்லா இருக்கே உங்க முறை!" அவள் எழுந்தாள். "என் கண்ணு முன்னாடி இன்னொரு தடவை வைங்க. அப்புறம் பேசலாம்."

கூடத்தில் மாமியார் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக மருமகளைக் கண்டதும் ஒரு குத்தல் வரும். இன்று வரவில்லை.

"என்ன அத்தை, சத்தத்தையே காணோம்?"

"கால் செத்துப் போச்சுடி. மூளையும் போச்சுன்னு எழுதிட்டாங்களாம். இருக்கும். படிச்சவங்க சொல்றாங்க."

பதினெட்டு வருடமாகத் தன்னைக் கண்ணில் விரல் விட்டு ஆட்டிய பெண்மணி 'இருக்கும்' என்கிறாள்.

பயிற்சி தருகிற பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். யார் முகத்தையும் பார்க்காமல் விதியை ஒப்பித்தாள். கையை மார்பில் கட்டிக்கொண்டு எழ வேண்டும். மூன்று மீட்டர் நடந்து மஞ்சள் டேப் ஒட்டிய இடத்தில் திரும்பி வந்து உட்கார வேண்டும். நடக்கும்போது நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்ல வேண்டும். இருபது விநாடிதான்.

மாமியார் முன்னால் சாய்ந்தாள். ஒரு சாண் எழும்பினாள். தொப்பென்று விழுந்தாள். மறுபடி எழும்பினாள், மறுபடி விழுந்தாள்.

"போதும். பாத்தாச்சு இல்ல?" என்றார் மேனேஜர்.

தையல்காரி மாமியாரின் முகத்தைப் பார்க்கவில்லை. உடம்பில் துணி எங்கே இழுக்கிறது, எங்கே தொங்குகிறது என்று பார்த்தே பழகிய கண் அது. புடவை இடுப்பில் குவிந்து கிடந்தது. முழங்கால்கள் இடுப்புக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தன.

"ஒரு நிமிஷம்."

கைப்பையிலிருந்து அளவு டேப்பை உருவினாள். தரையிலிருந்து முழங்கால் மடிப்புவரை பதினேழு அங்குலம். தரையிலிருந்து இருக்கைவரை பதின்மூன்று. அதுவும் வரவேற்பறையில் விருந்தாளிகளுக்குப் போடும் பஞ்சு சோபா. ஆள் உட்கார்ந்தால் இன்னும் இரண்டு அங்குலம் அமுங்கியது. பதினொன்று!

காகிதத்தைத் திருப்பினாள். பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. 'கடினமான இருக்கை. உயரம் பதினெட்டு அங்குலம்.'

"இதுல போட்டிருக்கிற நாற்காலி எங்க?"

பயிற்சிப் பெண் மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் கூரையைப் பார்த்தார்.

"உங்களைத்தாங்க கேக்கறேன். எங்க?"

"சார் ரூம்ல. சாருக்கு முதுகுவலி. தாழ்வா உட்கார்ந்தா எழுந்திருக்கக் கஷ்டப்படுவார்."

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா."

"அதுக்கப்புறம் எத்தனை பேர் மேல போயிருக்காங்க?"

"ஒம்பது பேர்."

"என்னம்மா பெரிய விசாரணை?" மேனேஜர் குரலை உயர்த்தினார். "நாற்காலில என்ன இருக்கு? எல்லாம் உட்கார்ற இடம்தானே!"

"அப்படியா? உட்காருங்க சார். உங்க வயசு அம்பதுதானே? கையைக் கட்டிக்கிட்டு எழுந்திருங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

கம்பியைப் பிடித்து நின்றிருந்த நான்கைந்து முதியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மறுத்தால் மானம் போகும். பயிற்சிப் பெண் மாமியாரைக் கைத்தாங்கலாக எழுப்பி வாக்கரைப் பிடித்து நிற்கவைத்ததும், மேனேஜர் உட்கார்ந்தார். கையைக் கட்டினார். முன்னால் சாய்ந்தார். தொப்பை தடுத்தது. உந்தினார். பாதி வழியில் "அம்மா!" என்று பின்னால் சரிந்தார். மூன்றாவது முயற்சியில் ஒரு கை நைஸாகச் சோபாவின் ஓரத்தைத் தேடிப் போனது.

"கை!" மாமியார் பஸ்ஸின் கடைசி சீட்வரை கேட்கும் குரலில் கத்தினாள். "கையை ஊனினா செல்லாது!"

கூடம் சிரித்தது. தையல்காரி சிரிக்கவில்லை. நேராக மேனேஜர் அறைக்குப் போய், அவருடைய முதுகுத் தலையணையைத் தூக்கி எறிந்துவிட்டு, நாற்காலியைச் சுமந்துகொண்டு வந்தாள்.

மாமியார் உட்கார்ந்தாள். கையைக் கட்டினாள். எழுந்தாள்.

"நூறு. தொண்ணூத்தேழு. தொண்ணூத்தி நாலு..." இடுப்பு லேசாக இழுத்தது. எண் தடுமாறவில்லை. மஞ்சள் டேப், திருப்பம், "எண்பத்தெட்டு, எண்பத்தஞ்சு..." எழுபத்தொன்பதில் வந்து உட்கார்ந்தாள்.

"பதினேழு செகண்ட்," என்றாள் பயிற்சிப் பெண்.

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "சரிம்மா. இவங்க கீழயே இருக்கட்டும். இதை இதோட விட்டுடலாமே."

வந்த காரியம் முடிந்தது. தையல்காரி பையை எடுத்தாள்.

"எங்கடி கிளம்பற?" மாமியார் அதட்டினாள். "ஒம்பது பேர்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சே. உன் காதுல விழலையா?"

நாற்காலி லிஃப்டில் ஏறியது. மாமியாரும் வாக்கரோடு ஏறினாள்.

முதல் கட்டிலில் ஒரு பழைய தபால்காரர். மேலே வந்த அன்று இந்தக் கட்டில்வரை தானே நடந்து வந்தவராம். இப்போது இரண்டு பேர் பிடித்து நாற்காலியில் உட்காரவைக்க வேண்டியிருந்தது. எழ முயன்றார். தொடையில் சதையே இல்லை. முயன்றார், முயன்றார். உடம்பு அசையவில்லை.

மேனேஜரின் முகத்தில் களை திரும்பியது. "பாத்தீங்களா? சரியான நாற்காலிதானே? நாங்க எழுதினதுல என்ன தப்பு?"

தையல்காரி வாயைத் திறக்குமுன் பயிற்சிப் பெண் வெடித்தாள்.

"வாயை மூடுங்க சார்! இதே நாற்காலில இவர் பதிமூணு செகண்ட்ல வந்தவர். நான்தான் குறிச்சேன். உங்க சோபாவுல முடியலன்னு குறிச்சதும் நான்தான், வேலை போயிடும்னு பயந்துக்கிட்டு. இவருக்கு முடியாமப் போகல. மூணு மாசம் படுக்கவெச்சு நாம முடியாம ஆக்கினோம்!"

"நான் அப்பவே சொன்னேனே." தபால்காரர் தலை நிமிராமல் பேசினார். "நாற்காலி மாறியிருக்குன்னு சொன்னேன். பாவம், பெரியவருக்குக் குழப்பம்னு எழுதிக்கிட்டாங்க."

பயிற்சிப் பெண் கட்டிலில் இருந்த போர்வையை நான்காக மடித்து, இருக்கையில் போட்டு உயரமாக்கினாள். அவருடைய பாதங்களைப் பின்னால் இழுத்து வைத்தாள். "இப்ப ஒரு தடவை, ஐயா. கையை ஊனிக்கோங்க. இன்னிக்கு ஊனலாம்."

முழங்கால் வெடவெடத்தது. எழுந்தார். மூன்று எண்ணும்வரை நின்றார், உட்கார்ந்தார்.

மேனேஜர் ஓசையில்லாமல் கதவுப் பக்கம் நகர்ந்தார். தையல்காரி குறுக்கே நின்றாள்.

"எங்க சார் போறீங்க? இன்னும் எட்டுப் பேர் இருக்காங்க. ஒவ்வொருத்தரும் என்ன சொன்னாங்க, நீங்க என்ன எழுதினீங்கன்னு அவங்க வாயாலேயே கேட்டுட்டுப் போங்க."