ஒன்பதாம் மாடி, நான்கு மணி

படிகளை இரண்டிரண்டாகத் தாவிக்கொண்டிருந்தான் ஸ்பானர். தோளில் கருவிப் பை, கக்கத்தில் காகிதக் கட்டு, பல்லிடுக்கில் பேனா. ஐந்தாம் மாடி தாண்டியாயிற்று. இன்னும் நான்கு.

கீழே தரைத்தளத்தில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். எல்லோருக்கும் அதே ஒன்பதாம் மாடி வீடுதான் குறி. நான்கு மணிக்குக் கதவு திறக்கும். காகிதங்களையும் மூன்று மாத முன்பணத்தையும் முதலில் நீட்டுகிறவருக்கே வீடு. ஆனால் லிஃப்ட் கதவில் ‘இயங்கவில்லை’ என்று மஞ்சள் பலகை தொங்கியது. வாடகை ஏன் இவ்வளவு மலிவு என்று இப்போதுதான் புரிந்தவர்கள்போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். இரண்டாம் மாடியில் ஒரு ஜோடி, நான்காம் மாடியில் கழுத்துப்பட்டை கட்டிய ஓர் ஆசாமி. மிச்சம் ஒரே ஒருவர். ஓட்டப்பந்தயக் காலணி போட்ட, இந்த அயல்நாட்டிலும் நம் பாஷை பேசுகிற ஒருவர். மான் மாதிரி போய்க்கொண்டிருந்தார்.

ஸ்பானருக்குப் பின்னால் இரண்டு மாடி தள்ளித் தாடி வந்துகொண்டிருந்தான். பேக்கரியில் மாவு பிசைகிற அறைத்தோழன். முன்பணம் அவன் மடியில்தான் இருந்தது. ஒரே அறையில் படுக்கிற ஐந்து பேரும் போட்டுக் கொடுத்த பணம். கீழேயிருந்து அவன் குரல் வந்தது.

“டேய், ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் நீ ரிப்பேர் பண்றே. எனக்கு ஒரு நாள் தேவைப்பட்டா படியேற விடறியே.”

“பேசாம வா. மூச்சு மிச்சமாகும்.”

மூன்று வருடமாக ஸ்பானரின் வீடு என்பது திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு கட்டில். மனைவியும் மகளும் வந்து சேர விசா அலுவலகம் கேட்டது அவன் பெயரில் ஒரு வாடகை ஒப்பந்தம். இன்று ஆறு மணிக்குள் அனுப்பாவிட்டால் விண்ணப்பம் குப்பைக்குப் போகும். மறுபடி வரிசையில் நிற்க ஒரு வருடம். பதினோரு வீடுகள் பார்த்தாயிற்று. பதினொன்றிலும் யாரோ ஐந்து நிமிஷம் முந்திக்கொண்டார்கள். இன்று காலை கண்ணில் பட்ட நோட்டீஸ் இது.

ஒன்பதாம் மாடி. கதவு திறந்திருந்தது. உள்ளே ஓட்டக்காரர் ஏற்கெனவே வீட்டுக்கார அம்மாளின் எதிரில் உட்கார்ந்து, காகிதங்களை விசிறிபோல் பரப்பியிருந்தார். பன்னிரண்டாவதும் போயிற்று.

அப்போது ஓட்டக்காரரின் போன் அடித்தது. அவர் மனைவி.

“சூப்பரா இருக்கும்மா... ஜன்னலா? சுவர் முழுக்க ஜன்னல்... ஒன்பதாவது... இல்லம்மா, லிஃப்ட் ஓடலை... எப்ப ஓடும்னு எனக்கெப்படித் தெரியும்?... சரி... சரிம்மா... அந்த ரெண்டாவது மாடி வீட்டையே பேசிடறேன். கோவப்படாதே.”

ஸ்பானர் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான்.

ஓட்டக்காரர் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்கார அம்மாள் ஸ்பானரின் கட்டைப் புரட்டினார்; சம்பளச் சான்றில் கண் ஒரு நொடி நின்றது. முன்பணம் எங்கே என்று கேட்டார். அவன் வாசலைக் காட்டினான். வாசலில் யாருமில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். தமக்கு ஐந்து மணிக்கு வேறு வேலை இருப்பதாகச் சொன்னார். நான்கரைக்குத் தாடி நிலைப்படியில் தோன்றி, பணப் பையை மேஜைமேல் வைத்துவிட்டு, அப்படியே தரையில் சாய்ந்தான்.

கையெழுத்து. இன்னொரு கையெழுத்து. சாவி.

வீட்டுக்கார அம்மாள் இறங்கிப் போனதும் ஒப்பந்தத்தைப் படம் பிடித்து விசா அலுவலகத்துக்கு அனுப்பினான். பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. அடுத்த படம் ஜன்னல். ஊரிலிருந்து உடனே மகள் கூப்பிட்டாள். “அப்பா, இது முழுசும் நமக்கா?” அவன் போனைத் தாடியின் பக்கம் திருப்பினான். தாடிதான் படுத்தபடியே பதில் சொன்னான், “உனக்குத்தான் தங்கம். உங்கப்பனுக்குத் திரைச்சீலை போதும்.”

பிறகு தாடி சத்தியம் பண்ணினான்: நாலு பேர் தூக்கினால்தான் இறங்குவேன்.

ஸ்பானர் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மணி ஐந்து. சட்டைப் பையிலிருந்து வேறொரு சாவியை எடுத்துக்கொண்டு, மொட்டைமாடியிலுள்ள இயந்திர அறைக்கு ஏறிப் போனான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒன்பதாம் மாடியில் மணி ஒலித்தது. லிஃப்ட் கதவு வழவழவென்று திறந்தது. உள்ளே விளக்கு பளிச்சென்று எரிந்தது.

தாடி எழுந்து உட்கார்ந்தான். “ஒரு நிமிஷத்துல எப்படிடா சரி பண்ணினே?”

“பிரேக் மாத்தினா ஆறு மணி நேரம் யாரையும் ஏத்தக் கூடாதுன்னு எங்க கம்பெனியில ஒரு ரூல் உண்டு. மூணு வருஷ சர்வீஸ்ல இன்னிக்குத்தான் அதை மதிச்சேன். நீ ஏறு.”

தாடி ஏறினான். கதவு மூடியது. அவன் விரல் விட்டு எண்ணுவதை ஸ்பானர் ஓரக்கண்ணால் பார்த்தான்.

“டேய். அப்போ லிஃப்ட் எப்ப சரியாச்சு?”

ஸ்பானர் தரைத்தளத்துப் பொத்தானை அழுத்தினான்.

“காலைல பதினொரு மணிக்கு.”