ராசாவின் பலகை

கிணறு பதினெட்டு முழத்தில் இடிந்தது. சவிரிமுத்துவை மண் நெஞ்சுவரை மூடிவிட்டது. தலையும் கைகளும் மட்டும் வெளியே. விட்ட மூச்சைத் திரும்ப இழுக்க மண் இடம் கொடுக்கவில்லை.

மேலே கயிற்றைப் பிடித்திருந்த கதிர்காமநாதன் பத்து வருடமாக அவனோடு கிணறு வெட்டுகிறவன்.

"அசையாதை. மற்றப் பக்கமும் வெடிச்சிருக்கு. பலகை முட்டுக் குடுத்தால்தான் நான் இறங்கி மண் அள்ளலாம்."

"பலகைக்கு எங்கையடா போவாய்? சுத்திவர மண்வீடு."

"கதையாதை. மூச்சு வீணாப்போகும்."

சோறு கொண்டுவந்த அக்கா அன்னபாக்கியம் எட்டிப் பார்த்தாள். தாய் செத்தபின் அவனை வளர்த்தவள். "ஐயோ, என்ர ராசா!" பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

ஐம்பத்தாறாம் ஆண்டு, ஒக்டோபர் கடைசி ஞாயிறு. கிறிஸ்து அரசர் திருநாள். காணிக்காரர் மரியாம்பிள்ளைதான் கோயில் மூப்பர். "மழைக்கு முந்தித் தண்ணி காணவேணும். உனக்கும் சேத்து நான் செபிக்கிறன்" என்று அவனைக் கிணற்றில் இறக்கிவிட்டு, ஊர்வலத்தில் அரசரின் சிலையை, சுருவத்தை, தூக்கப் போயிருந்தார்.

ஊர்வலம் வயல்பக்கம் வருவது கிணற்றுக்குள் கேட்டது.

"கிறிஸ்து ராசா!"

"வாழ்க!"

பிறகு அக்காவின் குரல். "ராசா! என்ர ராசா!"

"வாழ்க!" என்றது ஊர்.

"ஐயோ, என்ர ராசா!"

"வாழ்க! வாழ்க!"

சவிரிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க நெஞ்சில் இடமில்லை. கண் இருட்டியது.

குரல்கள் கிட்ட வந்தன. சுருவம் இருந்தது முதிரை மரப் பலகைகள் அடித்த, தோளில் தூக்கிவந்த மேடையில். அக்கா அந்தப் பலகைகளைத்தான் கேட்டாள்.

"ராசாவை மண்ணிலை வைக்கிறதோ?" மூப்பரின் குரல்.

"என்ர ராசா மண்ணுக்குள்ளை நிக்கிறான், மூப்பர். உங்கட கிணத்துக்குள்ளை."

பிறகு பங்குச்சாமியார், "அவரும் மண்ணிலை நடந்தவர்தானே. கழட்டுங்கோ பலகையை" என்றார்.

பலகைகள் கயிற்றில் இறங்கின. ஆணியும் கடதாசிப் பூவும் அப்படியே இருந்தன. கதிர்காமநாதன் இறங்கி ஒன்றைச் சுவரோடு இறுக்கினான்.

"உங்கட ராசான்ர ஆசனம். சைவக்காரன் நான் மிதிக்கலாமோடா?"

"மிதி. அவர் ஒண்டும் சொல்லார்."

ராசா என்று செபித்தபோதெல்லாம் சவிரிமுத்துவின் கண்ணில் வந்தவர் மூப்பரைப் போல ஒருவர். மேலே நின்று வேலை ஏவுகிறவர். அந்த ராசாவின் ஆசனம் இப்போது அவன் தோளருகே சேற்றில் நின்றது. சுவர் தள்ளியது. பலகை முனகியது, விடவில்லை.

"மூப்பர் எங்கை?"

"சுருவத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு வரம்பிலை நிக்கிறார். வேட்டியெல்லாம் சேறு."

கதிர்காமநாதன் அள்ளிய மண்ணில் ஏழாவது வாளி மேலே போனபோது முழு மூச்சு ஒன்று உள்ளே வந்தது. நெஞ்சு நொந்தது.

"அக்கா! சோறு கொட்டிப்போச்சோ?"

"போகட்டும். நீ மேலை வா, ராசா."

கால்கள் இரண்டும் இன்னும் மண்ணுக்குள் இருந்தன. கதிர்காமநாதன் அடுத்த வாளியை நிரப்பினான்.