கொடி காயும்வரை

தை பதினெட்டு, காலை ஆறேகால் மணி. வீட்டின் பின்சுவரோரம் படர்ந்திருந்த பூசணிக் கொடியில், அடியிலிருந்து மூன்றாவது இலையின்மேல், திருநீற்றைக் கிள்ளிப் போட்டதுபோல வெள்ளையாக ஒரு பொட்டைப் பார்த்தார் ராமதாஸ். விரலால் தேய்த்தார். போய்விட்டது. மறுநாள் அதே இடத்தில் மறுபடியும் இருந்தது. பக்கத்து இலையில் புதிதாக இரண்டு.

மனைவி மணியம்மாளைக் கூப்பிட்டுக் காட்டலாம். ஆனால் அந்த வீட்டில் மூன்று மாதமாகப் பேச்சு இல்லை.

அவர்கள் மகள் மதிவதனி தானே பார்த்துக்கொண்ட ஒருவனைக் கட்டிக்கொண்டு செங்கல்பட்டில் இருந்தாள். தலைப்பிரசவத்துக்கு அவளை அழைத்துவர வேண்டும் என்றாள் மணியம்மாள். கூடாது என்றார் ராமதாஸ். கலெக்டர் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் கோப்பு எழுதியவர். எழுதியதைத் திருத்தும் பழக்கம் அவருக்கு இல்லை. ஐப்பசியில் குழந்தை பிறந்தது. மகள் பக்கத்தில் அவள் மாமியார்தான் இருந்தாள். சேதி வந்த அன்று மணியம்மாள் பேசியதே கடைசிப் பேச்சு.

"நான் மதிகிட்ட போறேன். போனா திரும்பி வரமாட்டேன். பூசணி விதை ஊனிட்டேன், அதான் நிக்கிறேன். போட்ட வெள்ளாமைய பாதியில விட்டுட்டுப் போற பழக்கம் எங்க கீழ்பென்னாத்தூர் வீட்ல கிடையாது. கொடி காயுற வரைக்கும் இருப்பேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். அதன்பிறகு வேளாவேளைக்குத் தட்டு வைத்தாள். தட்டு தரையில் படும் சத்தம்தான் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டது. வேங்கிக்காலில் ஆசையாகக் கட்டிய அந்த வீட்டில் தனி ஆளாக உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்கவே ராமதாஸுக்குப் பிடிக்கவில்லை. போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. கொடியைக் கவனிக்க ஆரம்பித்தார்.

வெளுத்த இலைகளைக் கிள்ளி, பையில் போட்டு, எதிரே இருந்த காலி மனையில் கொளுத்தினார். இலையில் படாமல் வேரில் மட்டும் தண்ணீர் விட்டார். நெருக்கிப் படர்ந்த கிளைகளைப் பிரித்துச் சுவர்மேல் ஏற்றினார், காற்று போகட்டும் என்று. வெள்ளை நிற்கவில்லை. ஒரு வாரத்தில் கொடியின் நடுப்பகுதிக்கு ஏறிவிட்டது. இரண்டு காய்கள் பிடித்திருந்தன. இரண்டும் தேங்காய் அளவுதான்.

ஓர் இலையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு டவுனுக்குப் போனார். பூச்சிமருந்துக் கடை ஹபீப் முகம்மது இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சாம்பல் நோய் சார். காலைல பனி, பகல்ல வெயில். அது கேக்கறதே அதான். எத்தன ஏக்கர்?"

"ஒரு கொடி."

"ஒரு கொடிக்கா இந்த மூஞ்சி? கடலை மொத்தமும் போனவன்கூட இப்படி வந்து நிக்கமாட்டான் சார்."

ராமதாஸ் சிரிக்கவில்லை. கடைக்காரர் கந்தகத் தூள் பொட்டலம் ஒன்றையும் கைத்தெளிப்பான் ஒன்றையும் எடுத்து வைத்தார்.

"தண்ணில கரையற சல்ஃபர். லிட்டருக்கு ரெண்டு கிராம், அவ்வளவுதான். ஜாஸ்தி போட்டா ஜாஸ்தி கேக்கும்னு நினைக்காதீங்க. வெயில் ஏறதுக்குள்ள அடிச்சிடுங்க. இலைக்கு அடியிலயும் படணும். வேப்பெண்ணெய் எதனா அடிச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"வீட்ல?"

ராமதாஸ் பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"வீட்ல கேட்டுக்குங்க சார். எண்ணெய் பட்ட இலைல ரெண்டு வாரத்துக்கு இது படக்கூடாது. வெந்துபூடும். எங்க வீட்ல ரோஜாச் செடி அப்படித்தான் பூட்ச்சு. நான் ஒண்ணு ஊத்தனேன், அவ ஒண்ணு ஊத்தனா. இன்னிக்கும் யார் கொன்னதுன்னு தீர்ப்பு ஆவல."

"கேட்டுக்கறேன் பாய்" என்றார் ராமதாஸ்.

வீட்டுக்கு வந்ததும் சமையல்கட்டு வாசலில் போய் நின்றார். மணியம்மாள் முதுகு காட்டி நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்க வேண்டியது நாலு வார்த்தை. வாயெடுத்தார். அவள் திரும்பாமலேயே குழாயைத் திறந்தாள். சட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் எண்ணெய் அடித்திருக்க மாட்டாள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். போக நாள் பார்த்துக்கொண்டிருப்பவள் எதற்கு அடிக்கப் போகிறாள்?

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அவள் விடிந்ததும் கோயிலுக்குப் போனாள். ராமதாஸ் மருந்தை அளந்து கரைத்து, ஒவ்வோர் இலையாகத் தூக்கி, மேலும் கீழும் அடித்தார். ஒன்றைக்கூட விடவில்லை. சில இலைகளில் தண்ணீர் ஒட்டாமல் முத்துமுத்தாக உருண்டது. பூசணி இலைக்கு அப்படித்தான் போலும் என்று நினைத்தார்.

புதன்கிழமை இலைகளின் ஓரம் பழுப்பேறியது. வியாழக்கிழமை அப்பளம் போல் சுருண்டன. நுனிக்கொழுந்தும் கருகியிருந்தது. ராமதாஸ் தண்ணீர் விட்டார். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மணியம்மாள் வந்து பக்கத்தில் நின்றாள். ஓர் இலையைத் தொட்டாள். நொறுங்கியது.

"இன்னா அடிச்சீங்க?"

மூன்று மாதம் கழித்துக் கேட்ட குரல். அவர் தண்ணீர் விடுவதை நிறுத்தினார்.

"சல்ஃபர்."

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை காலைல. நீ கோயிலுக்குப் போனப்ப."

"திங்கக்கிழமை சாயந்தரம்தான் நான் வேப்பெண்ணெய் அடிச்சேன். அதுக்கு முந்தின வாரமும் அடிச்சேன்."

"எப்ப அடிச்ச? நான் பாக்கலயே."

"சாயந்தரமானா நடக்கப் போறீங்க இல்ல. அப்ப."

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீங்க சொன்னீங்களா?"

காய்கள் இரண்டும் வெயிலில் கிடந்தன. மூடி நிழல் தர இலை இல்லை. சனிக்கிழமை ஒன்று காம்போடு கழன்று விழுந்தது. மற்றது ஒரு பக்கம் வெந்து, தொட்டால் குழிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மணியம்மாள் அரிவாளால் கொடியைத் தூரோடு அறுத்தாள். சுவரிலிருந்து இழுத்துச் சுருட்டி, காலி மனையில் போட்டு, தானே தீ வைத்தாள். பச்சைத் தண்டு எரியாமல் நெடுநேரம் புகைந்தது. மண்ணைக் கொத்திச் சமன் செய்தாள். கை கால் கழுவினாள்.

குளித்துவிட்டு வந்தபோது கையில் பை இருந்தது. அரிசி எங்கே, பருப்பு எங்கே, கேஸ் புக் எங்கே என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பேச்சில் கோபம் இல்லை. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவரிடம் சொல்வதுபோல் இருந்தது.

ராமதாஸ் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். மெயின் ரோட்டில் செங்கல்பட்டு வழியாகப் போகும் பஸ்ஸுக்கு நின்றார்கள். கிரிவலம் முடித்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு வந்த இரண்டு பஸ் நிற்காமல் போயின. மூன்றாவது வேகம் குறைத்தது. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கம்பியைப் பிடித்தாள். ராமதாஸ் பையைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அதன் காதை விடவில்லை.

"போறதுக்குத்தான நாள் பாத்துக்கினு இருந்த. அப்புறம் எதுக்கு மணி அந்தக் கொடிக்கு எண்ணெய் அடிச்ச?"