இடுப்புத் தையல்

எடை ஏறிவிடுமோ என்ற பயத்தில் பட்டினி கிடந்தே துரும்பாகிப்போன தங்கச்சியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்றே, டாக்டர் சொன்னதை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டோம். அவள் உடம்பைப் பற்றி யாரும் பேசக் கூடாது. இளைத்துவிட்டாய் என்றால் அவளுக்குப் பரிசு கொடுத்த மாதிரி. தேறிவிட்டாய் என்றால் அன்றைக்குப் பட்டினி. நம் ஆட்களுக்கோ வாயைத் திறந்தால் இந்த இரண்டில் ஒன்றுதான் வரும். அம்மாவின் தையல் கடை வீட்டு முன்னறையில் இருந்தது. அளவு கொடுக்க வருகிற ஒவ்வொருத்தி வாயிலும் பிளாஸ்திரியா ஒட்ட முடியும்? நான்தான் வாசலிலேயே நின்று எல்லோரையும் பேச்சுக் கொடுத்து மடக்கினேன்.

கல்லூரியில் படிக்கிற பெண்ணை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். மறுபடி எடை இறங்கினால் இதயம் தாங்காது என்று டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அப்பா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். ஒரு பஸ் பிள்ளைகளின் கூச்சலைத் தினமும் தாங்குகிற மனுஷன், அன்றைக்கு ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

பாப்பா யாரையும் நம்ப மாட்டாள். டாக்டர் பொய், கண்ணாடி பொய், நான் சுத்தப் பொய். அவள் நம்பியது இரண்டைத்தான். ஒன்று அம்மா. அம்மா பரிமாறினால் அதில் வெண்ணெயோ எண்ணெயோ ஒளித்து வைத்திருக்க மாட்டாள் என்ற நம்பிக்கையில்தான் வாயைத் திறப்பாள். இன்னொன்று ஒரு கறுப்பு பேன்ட். கல்லூரி சேர்ந்தபோது அம்மா தைத்துக் கொடுத்தது. அதற்கப்புறம் "லூசா இருக்கும்மா, பிடிச்சுக் குடு" என்று அவள் கேட்கக் கேட்க, பின்பக்க நடுத்தையலை உள்ளே தள்ளித் தள்ளி அம்மா பிடித்துக் கொடுத்தாள். நோய் என்று அப்போது எங்களில் யாருக்குத் தெரியும்? இப்போது தினமும் காலையில் பாப்பா அதைப் போட்டுப் பார்ப்பாள். இடுப்பில் இறுக்கம் தெரியாவிட்டால் சாப்பிட வருவாள். தெரிந்தால் கதவைச் சாத்திக்கொள்வாள்.

வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே கதவு சாத்திக்கொண்டது. மறுநாள் அவள் குளிக்கப் போன நேரம், அம்மா அந்த பேன்ட்டை எடுத்துத் தையலைப் பிரித்து, நூலளவு துணியை வெளியே விட்டுத் தைத்தாள்.

"என்னம்மா பண்ற? தெரிஞ்சா உன்னையும் நம்ப மாட்டா."

"உயிரோட இருந்து நம்பாம போகட்டும்டி."



பாப்பா போட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். "லூசாத்தான் இருக்குக்கா" என்று சொல்லி ஒரு முழு முட்டையைச் சாப்பிட்டாள். அம்மா துணியை விட்டுக்கொண்டே வந்தாள், பாப்பா சாப்பிட்டுக்கொண்டே வந்தாள். பட்டினியில் நகத்தில் ஏறியிருந்த நீலம் போனது. குளிர் தாங்காமல் எந்நேரமும் போட்டிருந்த இரண்டு ஸ்வெட்டரில் ஒன்றைக் கழற்றினாள். ஒருநாள் என் மண்டையில் நங்கென்று குட்டிவிட்டு ஓடினாள். உயிர் போகிற வலி. எனக்கானால் சந்தோஷம் தாங்கவில்லை.

"குட்டு வாங்கிட்டு இப்படி இளிக்கிறவ நீ ஒருத்திதான்" என்றார் அப்பா. அவரும்தான் இளித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே மடங்கிக் கிடந்த துணி வெளுக்காது, வெளியே வந்தால் காட்டிக்கொடுத்துவிடும். அம்மாவுக்குத் தெரியாத தொழிலா? பின்பக்கம்தானே, போட்டிருக்கிறவள் கண்ணுக்கா தெரியப்போகிறது என்று இருந்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பா தானாகவே எழுந்து கொடியிலிருந்து துணி எடுக்கப் போனாள். அந்த அளவுக்குத் தெம்பு வந்துவிட்டதே என்று நாங்கள் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தோம். அவள் பேன்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். வெளுத்த கறுப்புக்கு நடுவே, இடுப்பிலிருந்து கீழே, புத்தம்புதுக் கறுப்பில் ஒரு பட்டை ஓடியது. மெஷினுக்கு அடியில் குண்டூசி பொறுக்கி வளர்ந்தவள் அவள். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எத்தனை தடவைம்மா பிரிச்ச?"

அம்மா பேன்ட்டை வாங்கக் கையை நீட்டினாள். பாப்பா விடவில்லை.

"அப்ப சாப்பாட்டுலயும் எதையோ கலந்திருக்க."

"சத்தியமா இல்லடா கண்ணு."

"இதுல பொய் சொல்லுவ, அதுல சொல்ல மாட்டியா?"

கத்தியிருந்தால்கூடத் தேவலை. பாப்பா நிதானமாகக் கேட்டாள். அன்றிலிருந்து அம்மா கைபட்ட எதையும் தொடவில்லை. தண்ணீரைக்கூடத் தானே குழாயில் பிடித்துக் குடித்தாள். அப்பா கெஞ்சினார், நான் கண்டபடி திட்டினேன், அம்மா கதவுக்கு வெளியே தட்டோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். நகம் மறுபடி நீலமானது. கடைசியில் ஒரு மத்தியானம் அவளே பேன்ட்டோடு முன்னறைக்கு வந்தாள்.

"பழையபடி பிடிச்சுக் குடு. என் கண்ணு முன்னாடி தை. அப்பத்தான் சாப்பிடுவேன்."

"தைக்காதம்மா!" என்று கத்தினேன். அப்பா டாக்டருக்கு போன் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா காதில் எதுவும் ஏறவில்லை.

"சாப்பிடுறேன்னு சொல்றாடி. அவ வாயாலயே சொல்றா."

மெஷினில் உட்கார்ந்தாள். பழைய ஊசித் துளைகள் துணியில் இன்னும் இருந்தன. அந்தத் துளைகளின் மேலேயே, கொஞ்சமும் விலகாமல் ஓட்டினாள். கடைக்கு வந்த யாருக்கும் அம்மா இவ்வளவு கவனமாகத் தைத்து நான் பார்த்ததில்லை. பாப்பா குனிந்து ஒவ்வொரு தையலையும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். பட்டன் எட்டவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துப் போட்டுப் பார்த்தாள், அப்போதும் எட்டவில்லை. அம்மா அதற்குள் தட்டில் சாப்பாட்டைப் போட்டு எடுத்து வந்துவிட்டாள். பாப்பா அவளை முறைக்கவில்லை, கோபப்படவும் இல்லை.  அம்மா கையிலிருந்த தட்டை மெதுவாக வாங்கி மெஷின்மேல் வைத்துவிட்டு, அம்மாவின் கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் துடைத்துவிட்டாள்.

"சாப்பிடுறேம்மா. சொன்னா சொன்னதுதான். இந்த பேன்ட் எனக்குப் பத்தட்டும், அன்னிக்கே சாப்பிடுறேன்."