கிளோட் சேரின் தோணிப் படம்

விளம்பரப் பெனர் அடிக்கிற கடை வைத்திருப்பவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும். எதைக் கண்டாலும் ஈரத்துணியால் துடைப்பான். சதீசனுக்கும் அதுதான் வினையாயிற்று. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, கடை மேசையில் கிடந்த, தன் சித்திர வாத்தியார் கிளோட் சேர் பலகையில் கீறிய தோணிப் படத்தைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் நல்ல அன்போடு ஒரு இழுப்பு இழுத்தான். துணி நீலமாக வந்தது. அழுக்குத்தான் என்று நினைத்து இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தான், அந்தப் புண்ணியவான். வாவி இருந்த இடத்தில் பலகை தெரிந்தது. பதறிப்போய்ப் படத்தைத் தூக்கி நிமிர்த்தினான். அது அதைவிடப் பெரிய பிழை. மேலே தேங்கி நின்ற தண்ணீர் வானத்தையும் பறவைகளையும் கரைத்துக்கொண்டு கீழே இறங்கி, தோணியையும் தோணிக்காரனையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது.

கதிரையில் பொத்தென்று இருந்தான். தெரியாமல் செய்தான் என்று சொல்லவும் வழியில்லை. சேர் அந்தப் படத்தைக் கீறிய சண்டைக் காலத்தில் கடைகளில் கலர் கிடைக்காது. உடுப்புக்குப் போடும் நீலம், மஞ்சள் தூள், செங்கல் தூள், சிரட்டைக் கரி, தேயிலைச் சாயம் எல்லாவற்றையும் விளாம்பிசினில் குழைத்துத்தான் கீறினார். அந்த நீலத்தை வீட்டில் அம்மாவுக்குத் தெரியாமல் களவெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவனே இந்தச் சதீசன்தான். தன் கையால் கொடுத்ததைத் தன் கையாலேயே கழுவியும் ஆயிற்று.

கிளோட் சேர் போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர். பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தார். சனிக்கிழமைகளில் கடற்கரையோர டச்பாரில், தன் வீட்டு முற்றத்தில் கரும்பலகை வைத்து, வருகிற பிள்ளைக்கெல்லாம் காசில்லாமல் சும்மா படிப்பித்தார். அவர் படிப்பிக்கும் விதம் உலகத்தில் எங்கும் இருக்காது. ஒரு பிள்ளைக்குக் கீறுவதற்கு ஒரே ஒரு சாமான். ஆறு வருடத்துக்கும் அதுதான். சதீசனுக்குத் தண்ணீர் விழுந்தது. பக்கத்தில் இருந்த கஜானிக்குப் பறவை. டிலக்சனுக்கு வாவிக்கரைக் கண்ணா மரம். காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் வந்த அசனாருக்கு வானம். "வானத்தில கீறுறதுக்கு என்ன சேர் இரிக்கி?" என்று அசனார் ஆறு வருடமும் கேட்டான். சேரும் ஆறு வருடமும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இண்டைக்கும் நேத்துப் போலயா இரிக்கி?" என்று திருப்பிக் கேட்டார். ஆள் கீறுவது ஏழாம் வருடம் என்பார். அந்த ஏழாம் வருடத்துக்கு ஒருத்தரும் போய்ச் சேரவில்லை. பள்ளிக்கூடச் சோதனை வந்தது, சண்டை வந்தது, லண்டன் வந்தது.

பிறகு சுனாமி வந்தது. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சேரும் மனைவி டோறா அன்ரியும் டவுனில் பூசையில் இருந்ததால் உயிர் தப்பினார்கள். திரும்பிப் போனபோது வீடும் இல்லை, முப்பது வருடப் படங்களும் இல்லை, கலியாணப் போட்டோவும் இல்லை. இடிந்துபோய் நிற்பார் என்று ஆறுதல் சொல்லப் போனவர்களிடம் சேர், "என்ட படம் எல்லாத்தையும் ஒரே நாளில எடுத்தது கடல் மட்டும்தான். நல்ல ரசனை" என்றார். அழ வந்தவர்கள் சிரித்துவிட்டு வந்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவர் தூரிகையைத் தொடவில்லை. நாவற்குடாவில் டோறா அன்ரியின் தங்கை லொறெய்ன் வீட்டில் இருந்துகொண்டு, சண்டை முடிந்ததையும் பார்த்துவிட்டு, அடுத்த வருடம் ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழும்பவில்லை.

மரண அறிவித்தல் பெனரைச் சதீசன்தான் அடித்தான். கிடைத்தது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதைப் பெருப்பித்ததில் சேர் கள்ள முழி முழித்தார். டோறா அன்ரி அதைப் பார்த்துவிட்டு, "இது என்ட மனிசன் இல்ல. ஆமிச் சென்றியில பிடிபட்ட ஆரோ" என்று சொன்னதைச் செத்த வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். சதீசனுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. நாற்பத்தாறு வருடம் கூட வாழ்ந்த மனைவியிடம் அவர் கீறியதும் ஒன்றில்லை, அவர் முகமும் ஒழுங்காக இல்லை. கடலுக்கு அகப்படாமல் நாவற்குடா வாசிகசாலைச் சுவரில் தொங்கிய ஒரே படம் நினைவுக்கு வந்தது. வாசிகசாலைக்காரரிடம் ஒற்றைக்காலில் நின்று கெஞ்சி வாங்கினான். முப்பத்தோராம் நாள் பூசை ஞாயிற்றுக்கிழமை. அன்று மத்தியானச் சாப்பாட்டில் அன்ரியின் கையில் கொடுப்பதாக ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தான். அந்த வாயை என்ன செய்வது?

சித்திர ரீச்சராக இருக்கும் கஜானிக்குத்தான் முதலில் போனில் கோல் எடுத்தான். அவள் வந்து பலகையைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"உனக்கு மூளை எண்டு ஏதும் இரிக்காடா?"

"அழுக்கெண்டு நினைச்சன் கா."

"அழுக்கு உன்ட தலைக்குள்ளதான். வா, அன்ரியிட்டச் சொல்லுவம்."

"என்னக் கொண்டு போட்டாலும் சொல்லமாட்டன். அந்த மனிசிக்கு இது ஒண்டுதான் மிச்சம். கீறுவம். திருப்பிக் கீறுவம்."

மாட்டேன் என்று சொல்லக் கஜானிக்கும் மனம் வரவில்லை. சனிக்கிழமை காலை அசனார் தன் புடைவைக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஒரு பெட்டி நீலத்தோடு வந்து இறங்கினான். படத்தைக் கண்டதும், "யா அல்லாஹ், சுனாமிக்குத் தப்பினது உனக்குத் தப்பல்லயே மச்சான்" என்றான்.

கலரை அதே மாதிரித்தான் குழைக்க வேண்டும் என்று கஜானி பிடிவாதமாக நின்றாள். செங்கல் இடித்தார்கள், கரி அரைத்தார்கள், பிசின் ஊறப் போட்டார்கள். அசனார் வானத்தில் தொடங்கினான். பதினைந்து வருடமாகத் தூரிகை பிடிக்காத கை, முதல் அரை மணித்தியாலம் பலகையோடு சண்டை பிடித்தது. பிறகு மேகம் ஒவ்வொன்றாக வந்து குந்தியது. சதீசன் தண்ணீர் கீறினான். வாவித் தண்ணீர் காலையில் ஒரு நிறம், ஆற்றுவாய் கடலுக்குத் திறந்தால் ஒரு நிறம், மேகம் போனால் வேறு நிறம். அதெல்லாம் தனக்கு இன்னும் தெரியும் என்பது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. பெனரில் திருமண வாழ்த்தும் தேர்தல் முகமும் அடித்து அடித்து, இப்படி ஒன்று தன்னிடம் கிடப்பதை மறந்தே போயிருந்தான். கஜானி நீர்க்காகங்களை வலைக்கம்புகளில் இருத்திக்கொண்டே, "சந்தோசமா இரிக்கிடா, சொல்லவும் வெக்கமா இரிக்கி" என்றாள்.

கரைச் சதுப்பில் நிற்கும் கண்ணாப் பற்றைதான் இடித்தது. அது டிலக்சனின் சாமான். அவன் லண்டனில் பெற்றோல் அடிக்கும் செற்றில் வேலை. கோல் எடுத்தபோது அங்கே விடியவில்லை. "ஆர் செத்த?" என்று பதறி எழும்பியவன், சங்கதியைக் கேட்டதும் கட்டிலில் இருந்தபடியே படிப்பிக்கத் தொடங்கிவிட்டான். "வேர முதல் கீறு. இலை மறுகா. வேர் எல்லாம் ஒரே பக்கம் வளையப்படாது, சேர் ஏசுவார்." ஏசுவதற்கு ஆள் இல்லை என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. மூன்று பேரும் அவன் சொன்னபடியே கீறினார்கள்.

பின்னேரமாகும்போது எல்லாம் வந்துவிட்டது. தோணியும் ஒப்பேறிவிட்டது. தோணிக்காரன்தான் வரவில்லை.

"ஆளை விடுவம். தோணி தானா மிதந்து வந்ததெண்டு நினைக்கட்டும்" என்றான் அசனார்.

"ஆளில்லாத தோணிய ஒரு விதவைக்குக் குடுக்கிறதா? போடா" என்றாள் கஜானி.

பழைய படத்தில் தோணிக்காரன் பக்கவாட்டாக நின்று கம்பு ஊன்றினான். மூக்கும் தாடையும் தெரியும். முகம் கீற ஒருத்தருக்கும் தெரியாது. முகந்தானே கரைச்சல், திருப்பி விடுவோம் என்று சதீசன் முடிவு கட்டினான். அந்தப் பக்கம் பார்த்து நிற்கிற மாதிரி, முதுகை மட்டும் பத்து நிமிடத்தில் கீறி முடித்தான். களைப்பில் யாரும் அதை ஒழுங்காகப் பார்க்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லொறெய்ன் வீட்டில் இறாலும் சோறும் முடிந்து, கேக் வெட்டி வைத்திருந்தார்கள். சுவரில் அடையாள அட்டைச் சேர் மாலையோடு முழித்துக்கொண்டிருந்தார். சதீசன் படத்தைக் கதிரையில் சாத்தி, சுற்றியிருந்த துணியை எடுத்தான். டோறா அன்ரி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து, குனிந்து பார்த்தார்.

"இந்த மேகம் அசனார்ர" என்றார்.

அசனார் கடித்த கேக்கைத் தட்டில் திருப்பி வைத்தான்.

"உடுக்கிற சாரம் மடிச்சு அடுக்கின மாதிரித்தான் அவன் மேகம் கீறுவானெண்டு மனிசன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இந்தக் காகம் கஜானிட. தண்ணி உன்ட. படத்துக்கு என்னடா செஞ்ச நீ?"

இனி ஒளித்து என்ன? சதீசன் ஒன்றுவிடாமல் சொன்னான். சவர்க்காரத் தண்ணீரையும் சொன்னான். "ஏமாத்த நினைக்கல்ல அன்ரி. உங்களிட்ட ஒண்டுமில்லாமப் போயிருமெண்டு பயந்துட்டன்" என்றும் சொன்னான். லொறெய்ன், "கடவுளே" என்று சிலுவை போட்டாள்.

டோறா அன்ரி படத்துக்கு இன்னும் கிட்டப் போனார்.

"இந்த ஆள ஆர் கீறின?"

"அதுவும் நான்தான். ஆள் கீற எங்களுக்குச் சேர் படிப்பிக்கல்ல அன்ரி. பிழைச்சுப்போச்சு."

"முந்தின படத்தில நிண்டவன் மெலிஞ்ச மனிசன். தலைப்பா கட்டினவன். ஒரு போத்தல் சாராயத்துக்கு ஒரு கிழமை படத்துக்கு நிண்டான், எனக்கு நல்லாத் தெரியும்." அன்ரியின் விரல் பலகையைத் தொடாமல் காற்றில் நின்றது. "இவனுக்கு ஏன் வலப்பக்கத் தோள் இறங்கி இரிக்கி? சேட்டு ஏன் ஒரு பக்கம் மட்டும் வெளிய தொங்குது? இந்தக் காது ரெண்டும் ஆருக்கு இரிக்கி?"

சதீசன் தான் கீறியதை அப்போதுதான் பார்த்தான். தலை இடப்பக்கம் சரிந்து, கழுத்து முன்னுக்கு நீண்டு, கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு தோணியில் நின்றவர் கிளோட் சேர். சந்தேகமே இல்லை. கம்பை எடுத்துவிட்டு வெண்கட்டியைக் கொடுத்தால் வகுப்பு தொடங்கிவிடும்.

"ஆறு வருசம் இந்த முதுகத்தானே பாத்துக்கொண்டிருந்தம்" என்றாள் கஜானி மெல்ல. "கரும்பலகையில கீறத் தொடங்கினா மனிசன் திரும்பவே மாட்டாரே."

செத்த வீட்டிலும் அழாத சதீசன், கேக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை போல அழுதான். அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது, நல்ல ஆறுதலாகவும் இருந்தது. டோறா அன்ரியும் அழுதார். ஆனால் அழுகைக்குள்ளேயே சிரிப்பு வந்துவிட்டது.

"நானும் அதத்தானடா பாத்தன், நாப்பத்தாறு வருசமா. பூசைக்குப் போனாலும் மார்க்கெற்றுக்குப் போனாலும் அவர் முன்னுக்குப் போயிருவார். நான் பின்னால ஓடணும். முகத்தக் கீறி இருந்தியெண்டா எனக்கு இவ்வளவு அடையாளம் தெரிஞ்சிருக்காது."

லொறெய்ன் சுவரிலிருந்த போட்டோவைக் கழற்றினாள். அந்த ஆணியிலேயே அசனார் படத்தை மாட்டினான். டோறா அன்ரி ஒரு கதிரையை இழுத்து அதற்கு நேரே போட்டு, தோணிக்குப் பின்னால் வசதியாகச் சாய்ந்து இருந்துகொண்டார்.

"மெள்ளப் போங்க கிளோட்" என்றார். "இப்ப என்ன அவசரம்?"